ஊழியத்துக்குப் புதுசா வந்தவங்களுக்கு: திருமலையில வேலை நேரத்தையும் ஓய்வுநாளையும் ஒழுங்குபடுத்துறது எப்படி

பைபிள் கொலிஜ் முடிச்சு இப்பதான் திருகோணமலைப் பக்கம் ஒரு சபைக்கு உதவிப் போதகரா வந்திருக்கிறீங்களா, இல்லாட்டி பகல்ல கந்தோர் வேலையும் பின்னேரம் ஊழியமும் எண்டு ஓடுறீங்களா, இல்லாட்டி கோயில்ல உபதேசியார் பொறுப்பைத் தந்திருக்காங்களா, அப்பிடியெண்டா இது உங்களுக்குத்தான். பிரசங்கம் எப்பிடிச் செய்றது எண்டெல்லாம் சொல்லித் தந்திருப்பாங்க, ஆனா கிழமையில எத்தினை மணித்தியாலம் வேலை செய்யலாம், எப்ப போனை வைக்கலாம் எண்டு பெரும்பாலும் ஆரும் சொல்லித்தாறது இல்ல.

ஒண்டை முதல்லயே சொல்லிடுறன். ஓய்வுநாள் எண்டு நீங்க மனசுக்குள்ள முடிவெடுத்தாப் போல அது ஓய்வுநாள் ஆகாது. அண்டைக்கு ஆர் போன் எடுக்கிறது, கோயில் திறப்பு ஆரிட்ட இருக்குது, செத்த வீடு வந்தா ஆர் முதல்ல போறது, இது மூண்டும் சபைக்குத் தெரிஞ்சிருக்க வேணும். தெரியாட்டி நீங்க வீட்டில படுத்திருந்தாலும் டியூட்டியிலதான் இருக்கிறீங்க. கீழ சொல்றதெல்லாம் இதைச் செய்றதுக்கான வழிதான்.

முதல்ல எழுதிப் பாருங்க

எதையும் மாத்த முதல் ரெண்டு கிழமைக்கு ஒரு சின்னக் கொப்பியில நேரத்தை எழுதுங்க, விடிய எழும்பினதில இருந்து படுக்கும் வரைக்கும். ஆராதனையும் வீட்டுக்கூட்டமும் எல்லாரும் எழுதுவாங்க, விடுபடுறது மற்றதுகள்தான். கேற்றடியில நிண்டு கதைச்ச முக்கால் மணித்தியாலம், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில ஒரு தம்பிக்கு ஆறுதல் சொன்னது, குச்சவெளிக்கு ஜெபக்கூட்டத்துக்குப் போக வர பைக் ஓடின நேரம் (ஒரு பக்கம் மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு மேல வரும்), கதிரை அடுக்கினது, சவுண்ட் செட் வயரைத் தேடினது, எல்லாம் வேலைதான், எல்லாத்தையும் எழுதுங்க. உங்கட சொந்த ஜெபமும் வேத வாசிப்பும் வேலைக் கணக்கில வருமா எண்டு சிலபேர் கேப்பாங்க, என்ர அபிப்பிராயம் வராது, பிரசங்கத்துக்கு ஆயத்தம் பண்றது வரும். இந்த ரெண்டையும் ஒண்டாக்கினா கடைசியில பிரசங்கத்துக்காக மட்டும் பைபிள் திறக்கிற ஆளா மாறிடுவீங்க.

எழுதி முடிச்சுக் கூட்டிப் பாக்கேக்க பக்கத்தில வைக்க ஒரு அளவு வேணும். எங்கட நாட்டில கடை, காரியாலய ஊழியருக்கு 1954ம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்குது, அதில சாதாரண வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. போதகரை அந்தச் சட்டத்தை வைச்சு ஆரும் அளக்கப் போறதில்ல, ஆனா உங்கட சபையில சாமான் கடையில நிக்கிற தம்பிக்கே அப்பிடி ஒரு எல்லை இருக்குது எண்டு தெரிஞ்சிருக்கிறது நல்லது. இன்னொரு பக்கத்தால, உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021ல வெளியிட்ட கணக்கின்படி கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதுக்கு மேலயோ வேலை செய்றவங்களுக்கு, 35 தொடக்கம் 40 மணித்தியாலம் செய்றவங்களை விட பக்கவாதம் வாற ஆபத்து 35 வீதம் கூட, மாரடைப்பு மாதிரி இதய நோயால சாகிற ஆபத்து 17 வீதம் கூட. கொப்பியில கிழமைக்கு 55ஐத் தாண்டி நிக்குதெண்டா அது பெருமைப்படுற இலக்கம் இல்ல.

நாளை மூண்டாப் பிரிங்க

மணிக்கணக்கா டைம்டேபிள் போட்டா ஊழியத்தில ஒரு கிழமையும் நிக்காது, ஒரு ஆள் வந்து அழுதா எல்லாம் குழம்பிடும். அதால நாளைக் காலை, மத்தியானம், பின்னேரம் எண்டு மூண்டு துண்டாப் பிரிச்சிடுங்க. கிழமைக்கு 21 துண்டு. ஒரு நாளில ரெண்டு துண்டுக்கு மேல வேலை இல்ல, ஒரு நாள் முழுக்க இல்ல, அப்ப 12 துண்டு வருது. அவசரத்துக்கு ஒண்டு ரெண்டு கூடினாலும் பரவாயில்ல, மூண்டு துண்டும் வேலையா ஒரு நாள் போச்செண்டா அடுத்த நாளில ஒரு துண்டை வெட்டுங்க.

பின்னேரம் வீட்டுக்கூட்டம் இருக்கிற நாள் மத்தியானத் துண்டு உங்கடது, அதில கூச்சப்பட ஒண்டும் இல்ல. சித்திரையில இருந்து ஆவணி வரைக்கும் திருமலை வெயில்ல பன்னிரண்டுக்கும் மூண்டுக்கும் இடையில வீடு சந்திக்கப் போனா சனமும் படுத்திருக்கும், நீங்க போனா அதுகள் எழும்பிப் பாய் சுருட்டி சட்டையை மாத்தி பிளேன்ரீ ஊத்த வேணும், ரெண்டு பக்கத்துக்கும் புண்ணியம் இல்ல. ஞாயிறு ஆராதனை முடிஞ்ச கையோட கமிட்டிக் கூட்டம் வைக்கிற பழக்கம் எங்கட பக்கத்தில நிறைய, ஏலுமெண்டா அதை வேற நாளுக்குத் தள்ளுங்க, தள்ள ஏலாட்டி மாசத்துக்கு ஒண்டோட நிப்பாட்டுங்க. ஞாயிறு மத்தியானம் நித்திரைக்கு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வைக்கிற சபையெண்டா அண்டைக்கு மத்தியானமும் அப்பிடித்தான், வெறும் வயித்தோட நிண்டு சத்தமா ஜெபிச்சுப்போட்டு அப்பிடியே வாலிபர் கூட்டத்துக்கு ஓடினா அந்தப் பிள்ளையளுக்குக் கிடைக்கிறது உங்கட எரிச்சல்தான். பிரசங்கத்துக்கு ரெண்டு காலைத் துண்டை செவ்வாய், வியாழன் மாதிரிப் பிடிச்சு வையுங்க. சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் பிரசங்கம் எழுதுறவருக்கு ஞாயிறு முழுக்கத் தலையிடி.

போற பக்கங்களையும் சேர்த்துக் கட்டுங்க. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி ஒரு நாள், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஒரு நாள், பாலையூற்று, சீனன்குடா மாதிரிக் கிட்டடி எல்லாம் இன்னொரு நாள். மூதூரைப் பற்றி ஒரு விசயம், முந்தி அங்க போறதெண்டா ஜெற்றியில லோஞ்ச் ஏற வேணும், கிண்ணியாவுக்குப் பாதை (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவை) ஏற வேணும், கடைசி லோஞ்ச் இத்தினை மணிக்கு எண்டு ஒரு கணக்கு இருந்ததால ஊழியக்காரர் கூட்டத்தைச் சுருக்கிக்கொண்டு வெளிக்கிட்டே ஆக வேணும், அங்க உள்ள சனமும் கோவிக்காது. 2009ல கிண்ணியாப் பாலமும் அதுக்குப் பிறகு மூதூர் றோட்டில மற்றப் பாலங்களும் திறந்த பிறகு எந்நேரமும் வரலாம், எந்நேரமும் வரலாம் எண்டதால இப்ப ஒருத்தரும் நேரத்துக்கு வாறதில்ல. அதால கடைசி லோஞ்சை நீங்களே உண்டாக்குங்க. "எட்டரைக்கு நான் வெளிக்கிடுவன்" எண்டு கூட்டம் தொடங்க முதலே சொல்லிடுங்க, முடியேக்க சொன்னா "இன்னும் ஒரு பாட்டு பாஸ்டர்" எண்டு இழுக்கும்.

எந்த நாள் லீவு

கனபேர் திங்கக்கிழமையைத்தான் எடுக்கிறாங்க, ஞாயிறு அலைஞ்ச களைப்புக்கு அது சரிதான். ஒரு சிக்கல் என்னெண்டா திங்கள்தான் பாடசாலை, கந்தோர் எல்லாம் திறக்கிற நாள், ஞானஸ்நானச் சேர்டிபிகேட், பிள்ளையை முதலாம் வகுப்புக்குச் சேர்க்கக் கடிதம், நற்சான்று எண்டு சனம் காலையிலயே கேற்றைத் தட்டும். கடிதம் குடுக்கிறதுக்கு எண்டு புதனும் சனிக்கிழமை காலையும் மாதிரி ரெண்டு நேரத்தை முடிவு பண்ணி நோட்டீஸ் ஒட்டிட்டா இந்தத் தொல்லையில பெரும்பகுதி போயிடும். மனுசி ரீச்சரா நர்ஸா இருந்து பிள்ளையளும் பள்ளிக்கூடம் போறதெண்டா திங்கள் லீவு எண்டது நீங்களும் பூனையும் மட்டும் வீட்டில இருக்கிற நாள், ஓய்வு கிடைக்கும், குடும்பம் கிடைக்காது. அப்பிடியானவங்க திங்களோட சேர்த்து சனிக்கிழமை பின்னேரத் துண்டையும் குடும்பத்துக்கு எண்டு பூட்டி வையுங்க.

போயா (பௌர்ணமி) நாளைப் பற்றியும் சொல்ல வேணும். வருசத்தில பன்னிரண்டு, சில வருசம் பதின்மூண்டு, எல்லாருக்கும் லீவு. அந்தக் காரணத்துக்காகவே சபையும் கேம்ப், முழுநாள் ஜெபம், பாடகர் பயிற்சி எல்லாத்தையும் போயாவிலதான் போடும், ஊருக்கே லீவான நாளில ஊழியக்காரர் வீட்டில மட்டும் லீவு இல்ல. எல்லாப் போயாவையும் மீட்க ஏலாது. தை மாசமே கலண்டரை எடுத்து அரைவாசியைச் சபைக்கு, அரைவாசியை வீட்டுக்கு எண்டு கமிட்டியோட கதைச்சுப் பிரிச்சு எழுதிடுங்க, இதை ஆடி மாசம் கதைக்க வெளிக்கிட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

பகல் வேலை செய்துகொண்டு ஊழியம் செய்றவங்களுக்குக் கணக்கு வேற. உங்களுக்கு கந்தோரே ரெண்டு துண்டைத் திண்டுடும், அப்ப கிழமை நாளில ஊழியத்துக்கு ரெண்டு பின்னேரம், கூடினா மூண்டு, அவ்வளவுதான், மிச்சத்தை முழுநேர ஆளிட்டயோ மூப்பர்மாரிட்டயோ விடுங்க.

கத்தோலிக்கக் கோயில்ல வேலை செய்றவங்க இதெல்லாம் பெந்தெகொஸ்தே ஆக்களுக்கு எண்டு நினைக்க வேண்டாம். 1983ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பிலயே இருக்குது, குருமாருக்கு வருசா வருசம் போதியளவு விடுமுறைக்கு உரிமை உண்டு எண்டு 283ம் சட்டம், பங்குத்தந்தை வருசத்தில ஒரு மாசம் வரைக்கும் விடுமுறையில போகலாம், தியானத்துக்குப் போற நாட்கள் அதில சேராது எண்டு 533ம் சட்டம். பூசையும் சாதாரணமா ஒரு நாளைக்கு ஒண்டுதான், குருமார் பத்தாட்டி ஆயர் அனுமதியோட ரெண்டு, ஞாயிறுகளிலயும் கடன் திருநாட்களிலயும் தேவைப்பட்டா மூண்டு, இது 905. எல்லை போடுறது பக்திக் குறைவெண்டா சட்டத்தில அதை எழுதி வைச்சிருக்க மாட்டாங்க.

சபைக்குச் சொல்றது

இதிலதான் புதுசா வந்தவங்க தடுமாறுறாங்க. காணிக்கை குடுக்கிற சனம் என்ன நினைக்கும், வந்த உடனயே லீவு கேக்குது பார் எண்டு கதைக்குமே எண்டு பயம். அதால சொல்லாம எடுப்பாங்க, போனை ஓஃப் பண்ணுவாங்க, அண்டைக்கெண்டு ஒரு அம்மா ஆஸ்பத்திரியில, பிறகு ஆறு மாசத்துக்கு அந்தக் கதைதான்.

தனியாச் சனத்திட்டச் சொல்லாதீங்க, முதல்ல மூப்பர் ஒருத்தரையோ கமிட்டிச் செயலாளரையோ பிடிங்க. கொப்பியைக் காட்டுங்க. "ஐயா, ரெண்டு கிழமை எழுதிப் பாத்தன், இவ்வளவு போகுது, திங்கள் ஒரு நாள் நான் ஒதுங்குறன், அண்டைக்கு அவசரமெண்டா உங்களுக்கு அடிக்கச் சொல்லட்டா?" எண்டு கேட்டா பெரும்பாலும் ஓம் எண்டுதான் வரும், ஏனெண்டா இவ்வளவு காலமும் அவரிட்ட ஒரு பொறுப்பு எண்டு ஆரும் கேட்டிருக்க மாட்டாங்க. பிறகு ஞாயிறு அறிவித்தலில அவரே சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க. அறிவித்தல் சின்னனா இருக்கட்டும்: "திங்கட்கிழமைகளில் போதகர் ஓய்வில் இருப்பார், அவசரத் தேவைக்கு மூப்பரைத் தொடர்புகொள்ளவும்." ஏன் எதுக்கு எண்டு விளக்கம் குடுத்தா அதில இருந்து வாக்குவாதம் தொடங்கும்.

வேதத்தில எங்க இருக்குது எண்டு கேக்கிறவங்களுக்கு யாத்திராகமம் 18 இருக்குது. மோசே விடியத் தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் தனிய இருந்து வழக்குத் தீர்க்கிறதைப் பார்த்து மாமன் எத்திரோ இது நல்லதில்ல, நீரும் களைப்பீர் சனமும் களைச்சுப் போகும் எண்டு சொல்லி, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, அம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு எண்டு ஆள் வைக்கச் சொல்றார். மாமன் மருமகனைப் பார்க்க வந்த இடத்தில சொன்னது, அதுவும் மருமகன் கேட்டுச் செய்தார், இந்தக் காலத்தில நடக்குமோ தெரியாது. எலியா சாக வேணும் எண்டு சூரைச்செடிக்குக் கீழ படுத்த இடத்திலயும் தூதன் முதல்ல பிரசங்கம் பண்ணேல்ல, அடையும் தண்ணியும் குடுத்துத் திரும்பவும் நித்திரை கொள்ள விட்டார்.

தனி ஆளா நடத்துற சின்னச் சபையெண்டா மூப்பர் எண்டு ஒருத்தரும் இல்லாம இருக்கலாம். அப்ப உவர்மலையிலயோ அன்புவழிபுரத்திலயோ இருக்கிற இன்னொரு சபைப் போதகரோட ஒப்பந்தம் போடுங்க, அவற்ற லீவுக்கு நீங்க, உங்கட லீவுக்கு அவர். "சனத்தை இழுத்துப்போடுவார்" எண்டு ஒரு பயம் இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். ஒரு நாள் போன் எடுத்ததில போற சனம் எப்பிடியும் போகத்தான் போகுது.

போன்

இரவு ஒன்பதரைக்குப் பிறகு போனை ஹோலில வையுங்க, படுக்கிற அறையில வேண்டாம். மெசேஜ் சத்தத்தை நிப்பாட்டி, கோல் மட்டும் அடிக்க விடுங்க, உண்மையில அவசரம் எண்டா ஆக்கள் கோல்தான் எடுப்பாங்க. சபை வாட்ஸ்அப் குரூப்பில விடிய நாலரைக்கு வசனம் போடுற அண்ணன் ஒருத்தர் எல்லாச் சபையிலயும் இருக்கிறார், அவருக்குப் பதில் போட வேண்டாம், போட்டீங்களெண்டா பாஸ்டர் எழும்பிட்டார் எண்டு தெரிஞ்சு நாலு பேர் கதைக்கத் தொடங்குவாங்க.

இரவில வாற கோல் எல்லாம் உங்களால தீர்க்கிற விசயமும் இல்ல. நெஞ்சுக்குள்ள நோகுது, மூச்சு ஏலாது எண்டா 1990, அம்புலன்ஸ் காசில்லாம வரும், முதல்ல அதுக்கு அடிக்கச் சொல்லிட்டு நீங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. வீட்டில அடிபிடியெண்டா 119, பெண்களுக்கு 1938, பிள்ளையள் சம்பந்தப்பட்டதெண்டா 1929. சாகப் போறன் எண்டு கதைக்கிற ஆளெண்டா தனிய விடாம ஒரு ஆளைப் பக்கத்தில இருக்கச் சொல்லிட்டு 1926, அது தேசிய மனநல நிறுவனத்தின்ர உதவி இலக்கம். ஜெபம் பண்ண வேண்டாம் எண்டு சொல்லேல்ல, அம்புலன்ஸ் வரும் வரைக்கும் போன்ல ஜெபிக்கலாம். இந்த இலக்கமெல்லாத்தையும் ஒரு தாளில எழுதி லீவு நாளுக்குப் பொறுப்பான மூப்பருக்கும் குடுங்க, அதுக்குப் பிறகுதான் அவருக்குத் தைரியம் வரும்.

லீவு நாளில ஆரும் கோல் எடுத்தா என்ன சொல்றது எண்டு முதலே வாயில பழகி வையுங்க. "அக்கா, இண்டைக்கு நான் வீட்டில நிக்கிறன், நாளைக்குக் காலமை பத்து மணிக்கு நானே எடுக்கிறன், அதுக்கிடையில அவசரமெண்டா ஐயாவுக்கு எடுங்க." சொன்னபடி பத்து மணிக்கு எடுத்தே ஆக வேணும். அதைத் தவற விட்டீங்களெண்டா அடுத்த திங்கள் அக்கா வீட்டுக்கே வந்திடுவா.

செத்த வீடு

எந்த டைம்டேபிளும் உடையுற இடம் இதுதான், உடையத்தான் வேணும். லீவு நாளெண்டாலும் முதல் தரம் போய் நில்லுங்க, குடும்பத்தோட இருந்து ஜெபிச்சு எப்ப அடக்கம் எண்டு கேட்டுட்டு வாங்க. வெளிநாட்டில இருந்து பிள்ளை வரும் வரைக்கும் உடலை வைச்சிருக்கிற வீடெண்டா ரெண்டு மூண்டு நாள் இழுக்கும், ஒவ்வொரு பின்னேரமும் ஜெபம், இரவிரவா ஆக்கள். எல்லா இரவும் நீங்க நிக்க வேண்டியதில்ல, முதல் நாளும் அடக்க நாளும் நீங்க, இடையில ஒரு பின்னேரம் மூப்பர், ஒரு பின்னேரம் பெண்கள் ஐக்கியம் எண்டு பிரிச்சா வீட்டுக்காரருக்கும் சபை முழுக்க வந்து போன மாதிரி இருக்கும். பறிபோன லீவு நாளை அதே கிழமைக்குள்ள வேற நாளில எடுங்க, அடுத்த கிழமைக்குத் தள்ளினா அது வராது.

மிஷன் வீடும் பாஸ்டர் அம்மாவும்

கோயில் வளவுக்குள்ளயே வீடெண்டா வேலை வீட்டு வாசல்ல இருக்குது. திறப்புக் கேட்டு வாறது, பாய் கேட்டு வாறது, மழைக்கு ஒதுங்க வாறது, பைக்கை விட்டுட்டுப் போக வாறது. இதில முக்கால்வாசி வேலை போதகரில விழுறதில்ல, அவற்ற மனுசியிலதான் விழுது, வாற ஆளுக்கெல்லாம் ரீ ஊத்துறது அவா, நேரம் எழுதுற கொப்பியில அவாவின்ர நேரத்துக்கு ஒரு வரியும் இருக்காது. ஒரு கிழமைக்கு அவாவையும் எழுதச் சொல்லிப் பாருங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கும். கோயில் திறப்பு ரெண்டாவது ஒண்டு வெட்டி, கோயிலைப் பாத்துக்கொள்ற செக்ஸ்டனிட்டயோ கிட்ட இருக்கிற வாலிபர் ஒருத்தரிட்டயோ குடுங்க, திங்கட்கிழமை கேற்றைச் சாத்துங்க, வந்தவங்களை முன் விறாந்தையில இருத்திக் கதையுங்க, குசினி வரைக்கும் போக விடாதீங்க. அவா ஞாயிறு பாடசாலை எடுக்கிறதும் பெண்கள் ஐக்கியம் நடத்துறதும் அவாட விருப்பமா, இல்லாட்டி போதகற்ற மனுசி எண்டதால தலையில வைச்சதா எண்டு ஒருக்கா உண்மையாக் கேளுங்க.

மார்கழி

எங்கட பக்கத்தில மழையும் கிறிஸ்மஸும் ஒண்டாத்தான் வரும். கார்த்திகையில வடகீழ்ப் பருவம் பிடிச்சிடும், மார்கழி முழுக்க நனைஞ்சு நனைஞ்சு கேரல், பிறகு 24 இரவு, 25 காலை, 31 இரவு, முதலாம் தேதி காலை. வருசத்திலயே இந்த மாசத்தில 12 துண்டுக் கணக்குப் பலிக்காது, பலிக்கும் எண்டு நடிக்கவும் வேண்டாம். கேரல் போற வீடுகளை வட்டாரம் வட்டாரமாப் பிரிச்சு இரவு பத்தரையோட முடிக்கிறது, எல்லா இரவும் போதகர் போகாம வாலிபர் தலைவரோட மாறி மாறிப் போறது, இந்த ரெண்டையும் மட்டும் ஐப்பசியிலயே முடிவு பண்ணுங்க. அதோட தை முதல் கிழமையில நாலு நாள் லீவு எண்டு அப்பவே அறிவிச்சிடுங்க, பெரிய வெள்ளி, உயிர்ப்பு ஞாயிறு முடிஞ்ச கிழமைக்கும் இதே மாதிரி.

லீவு நாளில என்ன செய்றது

முதல் சில கிழமை ஒண்டும் பிடிக்காது, கை போனைத் தேடும். நித்திரை கொள்ளுங்க. பின்னேரம் கடற்கரைக்குப் போறதெண்டா டச்பே வேண்டாம், அங்க ஐஸ்கிறீம் வண்டில் வரைக்கும் போறதுக்குள்ள சபை ஆக்கள் மூண்டு பேராவது பிடிச்சு ஜெபக் குறிப்புச் சொல்லுவாங்க. உப்புவெளிக்கு அங்கால நிலாவெளிப் பக்கம் போங்க, வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் கடலும் அடங்கி இருக்கும், பிள்ளையளைக் குளிக்க விடலாம். வீட்டுத் தோட்டம், மீன் கறி, கிரிக்கெட், என்னவெண்டாலும் சரி, பிரசங்கத்துக்கு உதாரணம் தேடுற வேலை மட்டும் வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் நித்திரை வரேல்ல, ஞாயிறு காலமை எழும்பவே வெறுப்பா இருக்குது, சனத்தின்ர கஷ்டத்தைக் கேக்கேக்க உள்ளுக்க ஒண்டும் அசையேல்ல, சின்ன விசயத்துக்குப் பிள்ளையில கை ஓங்குறீங்க எண்டா அது லீவு நாளால தீராது. வேலைக் களைப்பு முத்திப் போற இந்த நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019ல நோய்ப் பட்டியல் திருத்தேக்க வேலையோட சம்பந்தப்பட்ட ஒரு நிலை எண்டு வரையறுத்திருக்குது. விசுவாசக் குறைவு எண்டு உங்களையே குத்திக்கொண்டு இருக்காதீங்க. டொக்டரிட்டப் போங்க, பிரஷரும் சுகரும் பாருங்க, மேல சொன்ன 1926 உங்களுக்கும்தான். மேற்பார்வைப் போதகரிட்டயோ, உங்கட சபையில்லாத வயசான ஊழியக்காரர் ஒருத்தரிட்டயோ வாயைத் திறந்து சொல்லுங்க.

வருசாந்த லீவையும் எழுத்தில கேளுங்க, வாயால கேட்ட லீவு எப்பவும் "பாப்பம் பாஸ்டர்" எண்டுதான் முடியும். போக முதல் ஒரு பக்கத்தில எழுதிக் குடுங்க: ஆஸ்பத்திரியில ஆர் இருக்கினம், எந்த ஞாயிறு ஆர் பிரசங்கம், திருவிருந்துச் சாமான் எந்த அலுமாரியில, கரண்ட் பில் எப்ப கட்டுறது. லீவால வந்த அண்டைக்கு வாட்ஸ்அப்பில மெசேஜ் குவிஞ்சு கிடக்கும், மேல இருந்து வாசிக்க வெளிக்கிடாதீங்க. பொறுப்பா நிண்டவரைக் கூப்பிட்டு ஒரு பிளேன்ரீயோட அரை மணித்தியாலம் இருந்து என்னென்ன நடந்தது எண்டு கேளுங்க, அவர் முடிச்சு வைச்சதைத் திருப்பிக் கிண்டாதீங்க, அவர் செய்த விதம் உங்களுக்குப் பிடிக்காட்டியும் விடுங்க, மிச்சம் கிடக்கிறதை மட்டும் டயரியில எழுதிக்கொண்டு அடுத்த நாள் காலைத் துண்டில இருந்து தொடங்குங்க.